வீட்டில ஃப்ளை கட்டுறது: மான் மயிர் வேலையும் சேத்து, திருகோணமலையில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

ஃப்ளை எண்டா என்ன? எங்கட கடலுக்கு இது சரிவருமா?

ஹூக்கில இறகு, மயிர், நூல், மினுங்கல் இழை எல்லாம் சுத்திக் கட்டி மீன்குஞ்சு மாதிரியோ றால் மாதிரியோ பூச்சி மாதிரியோ செய்யிற பொய் இரைதான் ஃப்ளை. பேரைக் கேட்டிட்டு இது வெள்ளைக்காரன்ட நுவரெலியா ட்ரவுட் விளையாட்டு எண்டு நினைக்காதேங்கோ, எங்கட ஆக்கள் கோழி இறகைக் கட்டி வள்ளத்துக்குப் பின்னால இழுத்து மீன் பிடிச்சது எவ்வளவு காலமா நடக்குது, அதுவும் இதுவும் ஒரே குடும்பம்தான். கொட்டியாரக்குடாவில பாரை, சீலா, முரல் எல்லாம் அடிக்கும். கிண்ணியாப் பக்கம் களப்பில கொடுவா. குளத்தில விரால். இதுகள் எல்லாம் சின்ன மீனைத் துரத்தித் தின்னுற சாதி, ஃப்ளைக்கு வராம எங்க போகும்.

தொடங்க என்னென்ன சாமான் வாங்க வேணும்? செலவு கூடவோ?

கட்டாயம் வேண்டியது நாலு: ஹூக்கைப் பிடிக்கிற வைஸ், நூல் உருளையைப் பிடிக்கிற பொபின், கூரான சின்னக் கத்தரிக்கோல், நல்ல நூல். மிச்சம் எல்லாம் பிறகு பாக்கலாம்.

வைஸ் இல்லாட்டி வைஸ்கிறிப் ஒண்டை மேசை விளிம்பில இறுக்கி வச்சுத் தொடங்கலாம், கொஞ்சம் மொக்கை வேலைதான் ஆனா ஹூக் ஆடாம நிண்டாக் காணும். பொபினை மட்டும் கம்பியில வளைச்சுச் செய்ய வெளிக்கிடாதேங்கோ, குழாய்ட வாய் கொஞ்சம் கரடா இருந்தாலும் நூலை அறுத்துப் போடும், அதுவும் மான் மயிர் கட்டேக்க இழுக்கிற இழுவைக்கு உடனே அறும். செராமிக் குழாய் வச்ச பொபின் ஒண்டை வெளியில இருந்து எடுப்பிச்சா காலத்துக்கும் கிடக்கும்.

ஒட்டுறதுக்கு கியூட்டெக்ஸ் (நகப்பூச்சு), நிறமில்லாதது. வீட்டில யாரிட்டயாவது இருக்கும், கேட்டிட்டு எடுங்கோ. சூப்பர் குளூவும் வேணும், சின்ன டியூப்பா வாங்குங்கோ, எங்கட வெக்கைக்குத் திறந்த டியூப் கனநாள் நிக்காது. மயிர் நுனியைச் சமப்படுத்துற குழாய்க்குப் பதிலா பழைய லிப்ஸ்டிக் மூடி. மயிருக்குள்ள இருக்கிற பஞ்சை வார பேன் சீப்பு. ஷேவ் எடுக்கிற ரெண்டு பக்க பிளேட். இவ்வளவும் ஃபேன்சிக் கடையிலயே முடிஞ்சிடும்.

மான் மயிரில தொடங்கலாமோ? அதுதான் பாக்க வடிவா இருக்கு.

வேண்டாம். எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்கள், நானும் எல்லாருக்கும் இதையேதான் சொல்லுறன். வெட்டிச் செதுக்கின மான் மயிர்த் தலையைப் படத்தில பாத்திட்டு அதில ஆசை வாறது விளங்குது, ஆனா நூலை எவ்வளவு இழுத்தா அறும் எண்டு கைக்குத் தெரிய முதல் மான் மயிரைத் தொட்டா மயிரும் போய் நூலும் போய் மனமும் விட்டுப்போகும். இன்னொண்டு, எங்கட குடாவில மீன் எடுக்கிறது எண்டு பாத்தா பத்துக்கு எட்டுத்தரம் தாழுற ஃப்ளைதான் வேலை செய்யும். மிதக்கிற மான் மயிர்த் தலை ஒரு தனி வேலைக்கான சாமான், அந்த வேலை வரேக்க அதை விட்டா வேற இல்லை, மற்ற நேரம் அது பெட்டிக்குள்ள அழகா இருக்கும்.

அப்ப முதல்ல எதைக் கட்டுறது?

க்ளவுசர் மின்னோ. அமெரிக்காவில பொப் க்ளவுசர் எண்டவர் 1980களில சஸ்குவஹானா ஆத்து பாஸ் மீனுக்குக் கட்டினது, பேர் வச்சது லெஃப்டி க்ரே. ஆத்துக்கெண்டு பிறந்தாலும் இப்ப உலகம் முழுக்கக் கடலிலயும் இதுதான் ஓடுது. கட்டுறதும் லேசு, சாமானும் குறைவு.

ஹூக் நம்பர் 2 இல்லாட்டி 1/0, கடலுக்கெண்டா துருப்பிடிக்காதது. ஹூக் காதில (தூண்டில் நூல் கட்டுற ஓட்டை) இருந்து மூண்டில ஒரு பங்கு பின்னுக்கு நூலைச் சுத்தி ஒரு மேடு வச்சு, அதில ஈயக் கண் ரெண்டும் சேந்த கட்டையைக் குறுக்கால வச்சு எட்டுப் போடுற மாதிரி மாறி மாறிச் சுத்தி இறுக்கி ஒரு துளி சூப்பர் குளூ. கண் கட்டுறது ஹூக் முனைக்கு எதிர்ப்பக்கம், அதாவது முதுகில. அந்தப் பாரத்தால தண்ணிக்குள்ள ஹூக் தலைகீழாத் திரும்பி முனை மேல பாக்கும், அதால கல்லிலயும் பாசியிலயும் மாட்டுறது நல்லாக் குறையும், டச்சுக் குடாப் பக்கம் கல்லுக்குள்ள எறியிற ஆக்களுக்கு இதுட அருமை விளங்கும். பிறகு வெள்ளை மான் வால் மயிர் கொஞ்சம், கண்ணுக்கு முன்னால கட்டி, கண் நடுவால பின்னுக்குக் கொண்டுபோய், கண்ணுக்குப் பின்னாலயும் ஒரு கட்டு. இப்ப ஹூக்கைத் தலைகீழாத் திருப்பி மினுங்கல் இழை நாலஞ்சு, அதுக்கு மேல கிளிப்பச்சை மயிர், இதைக் கண்ணுக்கு முன்னால மட்டும் கட்டினாக் காணும். தலையை நூலால மூடி முடிச்சுப் போட்டு கியூட்டெக்ஸ் பூசுங்கோ.

மயிரை அள்ளி வைக்காதேங்கோ. கையில எடுத்ததில பாதியைத் திருப்பி வச்சிட்டுக் கட்டுங்கோ, அப்பவும் கூடத்தான் இருக்கும். வெளிச்சத்துக்குப் பிடிச்சா அந்தப் பக்கம் தெரிய வேணும். நெத்தலியும் சூடைக்குஞ்சும் தண்ணிக்குள்ள அப்பிடித்தான் கண்ணாடி மாதிரித் தெரியும், தும்புக்கட்டை மாதிரி ஒண்டு நீந்தி வந்தா பாரை ஏன் கிட்ட வரப்போகுது.

ஈயக் கண் கிடைக்காட்டி, திறப்புக்கோர்வையிலயும் குளியலறை அடைப்பிலயும் வாற குண்டுச் சங்கிலி இருக்குதெல்லோ, அதில ரெண்டு குண்டு வெட்டி எடுங்கோ. பாரம் குறைவு, முழங்கால் தண்ணிக்கு அதுதான் நல்லமும்.

வால் மயிரும் உடம்பு மயிரும் ரெண்டும் மான் மயிர்தானே, ஏன் வேற வேற சாமான் எண்டு விக்கிறாங்கள்?

குளிர்நாட்டு மான்ட உடம்பு மயிரை வெட்டிப் பாத்தா உள்ளுக்கு நெட்டி மாதிரி இருக்கும், காத்து அடைச்ச சின்னச் சின்ன அறை. பனிக்காலத்தில குளிர் ஏறாம இருக்கத்தான் அந்த அமைப்பு. அதால ரெண்டு காரியம் நடக்குது. ஒண்டு, மிதக்கும். மற்றது, நூலால நடுவில இறுக்கினா அந்த இடம் நசிஞ்சு ரெண்டு பக்கமும் விசிறிப் பிடிச்சுக்கொண்டு நிமிரும். இப்பிடி விரியிற மயிரை ஹூக் கம்பியைச் சுத்திப் பரவவிட்டு நெருக்கிறதைத்தான் 'சுத்துறது' எண்டுறது, முழு வேலையும் அதை வச்சுத்தான்.

வால் மயிர் அப்பிடி இல்லை, நீளம், உள்ளுக்குக் காத்து மிச்சம் குறைவு, கட்டினா படிஞ்சு நிக்கும். வால் அடியில இருக்கிறது மட்டும் கொஞ்சம் விரியும், நுனிப்பக்கம் விரியாது. க்ளவுசருக்கு நடுவில இருந்து நுனி வரைக்கும் எடுங்கோ. வால் மயிரை வச்சு உருண்டைத் தலை சுத்த ஏலுமா எண்டு கேட்டா, ஏலாது, நாள் முழுக்க இருந்து இழுத்தாலும் ஏலாது.

கோட்டைக்குள்ள அவ்வளவு மான் நிக்குது, ரோட்டு வழிய கூடத் திரியுது. அதுட மயிரை எடுத்தா என்ன?

இந்தக் கேள்வி வராத மாசம் இல்லை.

முதல்ல சட்டம். புள்ளிமான் பாதுகாக்கப்பட்ட மிருகம், 1937ஆம் ஆண்டு தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வருது. சுடுறது பொறி வைக்கிறது மட்டும் குற்றம் எண்டு நினைக்க வேண்டாம், இறைச்சி தோல் வச்சிருந்தாலும் பிடிப்பாங்கள். வாகனத்தில அடிபட்டுச் செத்துக் கிடந்தாலும் தோலை உரிச்சுக்கொண்டு வர ஏலாது. "நான் ஃப்ளை கட்டுறன் சேர்" எண்டு வனஜீவராசி ஆக்களுக்கு விளங்கப்படுத்துற நிலைமையைக் கற்பனை பண்ணிப் பாருங்கோ.

அது ஒருபக்கம் கிடக்கட்டும், மயிரே சரிவராது. எங்கட மான் வெக்கையில வாழுற மான், அதுக்குப் பனிக்காலக் கோட்டு எதுக்கு? கோணேசர் கோயிலுக்குப் போகேக்க கிட்ட நிண்டா நல்லாப் பாருங்கோ, மயிர் கட்டை, மினுக்கம், உடம்போட ஒட்டிப் படிஞ்சிருக்கும். இந்த வேலைக்கு வேண்டியது தடிச்ச, நீட்டு, உள்ளுக்குக் காத்திருக்கிற மயிர். வட அமெரிக்காவில வெள்ளைவால் மான், மியூல் மான், எல்க், கரிபு, இதுகள்ட குளிர்காலத் தோல்தான் எல்லாரும் பாவிக்கிறது. கேற்றடியில மான் நிக்க, மயிருக்கு ஒட்டாவாவில இருக்கிற மச்சானுக்கு மெசேஜ் போடுறது எங்கட விதி.

சரி, வெளியில இருந்து எப்பிடி எடுப்பிக்கிறது?

கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து எல்லா இடத்திலயும் ஃப்ளை சாமான் கடையில சின்னத் துண்டுத் தோலா, காயவச்சு, நிறம் போட்டு, பொலித்தீன் பையில அடைச்சு விக்கிறாங்கள். ஊருக்கு வாற சொந்தக்காரரிட்ட சொல்லிவிடலாம், ஆனா மிருகப் பொருள் எண்டபடியா விமானநிலையத்தில கேள்வி வரலாம், அதால கொண்டுவர முதலே மிருக உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில அனுமதி விஷயம் கேட்டு வைக்கிறது நல்லது. கடைப் பைக்கட்டை உடைக்காம, பில்லோட கொண்டுவரச் சொல்லுங்கோ. வேட்டையாடின கூட்டாளி தந்த பச்சைத்தோலை சூட்கேசில போட்டுக்கொண்டு வாற வேலை வேண்டவே வேண்டாம்.

வாங்கேக்க என்ன கேக்க வேணும் எண்டா, "சுத்துறதுக்கு உடம்பு மயிர்" எண்டு சொல்லுங்கோ, வெறுமன மான் மயிர் எண்டா வாலை வாங்கிக்கொண்டு வந்து நிப்பினம். வயித்து மயிர் வெள்ளை, நல்ல தடிப்பு, சாயமும் நல்லா ஏறும், முதல்தரம் சுத்துற ஆக்களுக்கு அதுதான் லேசு. எல்க் நல்லதுதான், ஆனா அது கொஞ்சம் விறைப்பு, சின்னப் பூச்சி ஃப்ளைகளுக்குச் செட்டை வைக்கத்தான் கூடப் பொருத்தம்.

எந்த நூல்? நான் தையல் நூலால கட்டுறன், அறுந்துகொண்டே இருக்கு.

க்ளவுசருக்குத் தையல் நூல் ஒருமாதிரிச் சமாளிக்கும், பொலியெஸ்டர் எண்டா. மான் மயிருக்குச் சரிவராது. அதுக்கு ஜீஎஸ்பீ எண்டு ஒரு நூல் இருக்கு, 130 டெனியர் (நூல்ட பருமன் அளவு) இல்லாட்டி 200 டெனியர் எடுங்கோ, கையால அறுக்க ஏலாது, விரல்தான் வெட்டுப்படும். நைலோன் 210 டெனியரும் பழகினா காணும்.

ஜீஎஸ்பீ கிடைக்காட்டி மீன்பிடிச் சாமான் கடையில ஆக மெல்லிய பிறெய்ட் லைன் ஒரு ரோல் வாங்குங்கோ. ரெண்டும் ஒரே பொலிஎதிலீன் இழைதான், ஜீஎஸ்பீ படுக்கையா நிக்கும், பிறெய்ட் பின்னி உருண்டையா இருக்கும், அதுதான் வித்தியாசம். உருண்டையா இருக்கிறதால மயிரைக் கொஞ்சம் வெட்டப் பாக்கும், அதால முதல் இழுவையை மெதுவா இழுங்கோ. இதுகள் வழுக்குற நூல், மெழுகுதிரியில ஒருக்கா உரசி எடுத்தா பிடிக்கும். வெட்டேக்க நூலை இறுக்கி இழுத்துப் பிடிச்சுக்கொண்டு வெட்டுங்கோ, தொளதொள எண்டு விட்டா கத்தரிக்கோல் சப்பும்.

மான் மயிர் சுத்துறதை ஒவ்வொரு படியாச் சொல்லுங்கோ அண்ணா.

முதல் வேலை ஃபேனை நிப்பாட்டுறது. சிரிக்காதேங்கோ, வேர்த்தாலும் பரவாயில்லை, ஃபேன் ஓடினா வெட்டின மயிர் சோத்துக்குள்ளயும் போகும் கண்ணுக்குள்ளயும் போகும். கீழ பழைய பேப்பர் விரிச்சு லேசா ஈரமாக்கி வையுங்கோ, விழுகிற மயிர் ஒட்டிக்கொள்ளும்.

வால் எதும் வைக்கிறதெண்டா, கோழி இறகோ வால் மயிரோ, அதை ஹூக் வளைவுக்குக் கிட்டக் கட்டி, ஒட்டி, நூலை அதுக்குச் சரியா முன்னால நிப்பாட்டுங்கோ. அங்க இருந்து காது வரைக்கும் கம்பி வெறுமனா இருக்க வேணும், நூல் சுத்தக்கூடாது. நூல் இருந்தா மயிர் அதில பிடிச்சு நிண்டிடும், வழுக்கிச் சுத்தாது.

பென்சில் தடிப்புக்கு ஒரு பிடி மயிரை எடுத்துத் தோலோட ஒட்டி வெட்டுங்கோ. நுனியைப் பிடிச்சுக்கொண்டு அடிப்பக்கத்தைப் பேன் சீப்பால வாருங்கோ, சாம்பல் நிறத்தில பஞ்சு கழண்டு வரும், அது முழுக்கப் போக வேணும். இந்தப் பஞ்சை விட்டா மயிர் ஒண்டோடொண்டு சிக்கிக் கொண்டு விரியாம நிக்கும், "எனக்குச் சுத்துதில்லை" எண்டு வாற ஆக்களில அரைவாசிப் பேருக்கு இதுதான் வியாதி. தலைக்குப் பின்னால கழுத்துப்பட்டி மாதிரி நுனி தெரிய வேணுமெண்டா லிப்ஸ்டிக் மூடிக்குள்ள நுனி கீழ இருக்கப் போட்டு மேசையில தட்டித் தட்டிச் சமப்படுத்துங்கோ, மற்றப்படி நுனியை வெட்டி எறிஞ்சிடுங்கோ.

இப்ப அந்தப் பிடியைக் கம்பியோட சரிஞ்ச மாதிரிப் பிடிச்சு, நடுவில நூலை ரெண்டு சுத்து, சும்மா தொடுற அளவுக்கு. மூண்டாவது சுத்துக்குப் போகேக்கயே நூலை உங்கட பக்கம் மெதுவா இழுங்கோ, இழுக்க இழுக்க மயிர் நிமிரத் தொடங்கும், நிமிருற நேரம் விரலைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ, மயிர் நூலோட சேந்து கம்பியைச் சுத்தி ஓடும். முழுக்கச் சுத்திப் பரவினாப் பிறகு நூலை இன்னும் நாலு சுத்து, ஒரே இடத்தில இல்லை, மயிருக்குள்ளால நெளிச்சு நெளிச்சு, ஒண்டையும் படுக்கப் போடாம முன்னுக்குக் கொண்டு வாங்கோ. முன்னால வந்ததும் ஒரு அரை முடிச்சு. பிறகு வெறும் பேனைக் குழாய் ஒண்டைக் காதுப்பக்கத்தால போட்டு, பின்பக்கத்தை மற்றக் கை விரலால தாங்கிக்கொண்டு, நல்லா பின்னுக்கு நெருக்கித் தள்ளுங்கோ. தாங்காமத் தள்ளினா வாலும் சேந்து வளைவுக்கு இறங்கிப் போகும்.

அடுத்த பிடி அதுக்கு முன்னால, அதே மாதிரி. நெருக்கம்தான் எல்லாம். விரலால அமத்திப் பாத்தா தக்கை மாதிரி நிக்க வேணும், பஞ்சுபோல அமிஞ்சா இன்னும் நெருக்குங்கோ. காதுக்குக் கிட்ட கொஞ்சம் இடம் விட மறக்க வேண்டாம், கடைசி முடிச்சுப் போட இடமில்லாமப் போறது வழமையா நடக்கிற கூத்து.

முதுகு பச்சை, வயிறு வெள்ளை எண்டு ரெண்டு நிறத்தில எப்பிடி வருது? சுத்தினா கலந்திடுமே.

அது சுத்துறேல்ல, அடுக்குறது. அடுக்கேக்க கம்பியில நூல் இருக்கலாம், இருந்தா நல்லம், ஏனெண்டா மயிர் ஓடக்கூடாது. வெள்ளையைக் கீழ வச்சு இறுக்கமா விரலால பிடிச்சுக்கொண்டே நூலை இழுக்கிறது, அது இடத்திலயே விரியும். பிறகு பச்சையை மேல வச்சு அதே மாதிரி. முகத்துக்குப் புள்ளி போடோணுமெண்டா பச்சைக்கு மேல கறுப்பு ஒரு சின்னப் பிடி. நூலைக் கடைசி வரைக்கும் இறுக்கத்தில வச்சிருங்கோ, ஒருக்கா விட்டாக் குழம்பிப்போகும்.

வெட்டிச் செதுக்கேக்க எனக்கு ஒருபக்கம் சரிஞ்சு போகுது.

கத்தரிக்கோலால தொடங்காதேங்கோ. முதல்ல கேத்தில் ஆவியில ஒரு பத்து செக்கன் காட்டுங்கோ, நசிஞ்சு மடிஞ்ச மயிர் எல்லாம் நிமிந்து வரும், காஞ்சாப் பிறகு வெட்டுங்கோ. ரெண்டு பக்க பிளேட்டைப் பேப்பரோட வச்சு நீட்டுவாக்கில ரெண்டா உடைச்சு, ஒரு பாதியை விரல் ரெண்டுக்கு நடுவில லேசா வளைச்சுப் பிடிச்சா வளைவா வெட்டும். புது பிளேட்டா இருக்க வேணும், மான் மயிர் பிளேட்டை மொட்டையாக்கிற கெதி நம்ப ஏலாது.

முதல் வெட்டு வயித்தில, கம்பியோட ஒட்டத் தட்டையா. இதுக்கு ரெண்டு காரணம் இருக்கு, ஹூக் முனைக்கும் உடம்புக்கும் நடுவில வாய் திறந்திருந்தாத்தான் மீனில கொழுவும், அதோட தட்டை வயித்தில ஃப்ளை நிமிந்து மிதக்கும். வயித்தை முடிச்சிட்டு அதில இருந்து அளவு வச்சு ரெண்டு பக்கம், கடைசியா முதுகு. வயித்தை வெட்டாம மேலயிருந்து தொடங்கிற ஆளுக்குத்தான் சரியிறது. நூல் தெரியிற இடத்தில வயித்துப்பக்கம் ஒரு கோடு சூப்பர் குளூ விட்டா மீன் கடிச்சாலும் திரும்பாது.

எந்த மான் மயிர் ஃப்ளை எங்களுக்கு உண்மையில பிரயோசனம்?

ரெண்டு சொல்லுவன். மட்லர் மின்னோ, 1930களில டொன் கேபன் எண்டவர் ஒன்டாரியோ நிப்பிகொன் ஆத்தில கட்டினது. தலை மட்டும் மான் மயிர், பின்னால இறகு. தளர்வா சின்னதாக் கட்டி, களப்பு ஓரத்தில தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழால இழுத்தா றாலுக்கும் சின்ன மீனுக்கும் நடுவில ஏதோ ஒண்டு மாதிரி ஓடும். மற்றது டால்பேர்க் டைவர், தலை கூம்பா, பின்னால கழுத்துப்பட்டி. இழுத்தா முங்கும், விட்டா மிதந்து மேல வரும். கந்தளாய்ப் பக்கக் குளங்களில தாமரை இலைக்கு நடுவில விராலுக்கு இதை விட்டா வேற இல்லை, இலையில தவளை குந்தியிருந்து குதிக்கிறது அச்சா அப்பிடியே. இலையில மாட்டாம இருக்க ஹூக் வளைவில இருந்து முனைக்கு முன்னால வரைக்கும் தடிச்ச தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) ஒரு வளையமாக் கட்டிவிடுங்கோ. குளத்தில முதலை இருக்கு, தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு எறியிற சண்டித்தனம் வேண்டாம்.

கடலில மான் மயிர்த்தலையைச் சீலாவுக்கும் முரலுக்கும் எறியிறது என்னைப் பொறுத்தவரை வீண். ஒரு கடியில பிளேட் போட்ட மாதிரி வெட்டிப் போடும். அதைவிடக் கொடுமை பேத்தை, ஒரு பின்னேரம் முழுக்க இருந்து செதுக்கின சாமானை ஒரு வாயில அரைவட்டமாக் கடிச்சிட்டு ஒண்டும் நடக்காத மாதிரிப் போகும்.

மான் மயிர் கிடைக்கேல்ல, இல்லாட்டி விருப்பமில்லை. மிதக்கிறதுக்கு வேற என்ன?

பாட்டாச் செருப்பு. கிண்டலில்லை. பழைய செருப்பைக் கூரான பிளேட்டால சிலிண்டரா வெட்டி, நடுவில சூட்டூசியால ஓட்டை போட்டு, நூல் சுத்தின ஹூக்கில சூப்பர் குளூவால ஒட்டினா பொப்பர் எண்டுற மிதக்கிற ஃப்ளை. புத்தகக் கடையில பிள்ளைகள்ட கைவேலைக்கு விக்கிற ரெண்டு மில்லிமீற்றர் ஃபோம் ஷீட்டை மடிச்சு முதுகில கட்டி முன்னால ஒரு உதடு விட்டா கேர்க்ளர், அமெரிக்காவில ஜாக் கார்ட்சைட் கண்டுபிடிச்ச சாமான், இழுக்க இழுக்க தண்ணியைத் துப்பிக்கொண்டு வரும். பாரை அடிக்கிற அடியில ரெண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியேல்ல. தண்ணி ஊறுற பிரச்சினையும் இல்லை, மான் மயிர் எவ்வளவு நெருக்கினாலும் கொஞ்ச நேரத்தில ஊறிப் பாரமாகும், பிழிஞ்சு பிழிஞ்சு எறிய வேணும். அப்ப ஏன் மான் மயிர் எண்டா, விழுகேக்க சத்தம் மெதுவா இருக்கும், கடிச்சா வாயில மெத்தெண்டு இருக்கிறதால விரால் உடனே துப்பாது. அவ்வளவுதான்.

நாங்கள் சைவம், வீட்டில மிருக மயிர் தோல் வைக்க விடமாட்டினம்.

மீன் பிடிக்க விடுகினமாம், மயிர் வைக்க விடமாட்டினமாம். சரி. ஃபேன்சிக் கடையில நைலோன் சவுரி முடி, பொம்மைக்குப் போடுற நீட்டு மயிர்த்துணி, ரெண்டும் க்ளவுசருக்கு அசல் சாமான். நைலோன் தண்ணி குடிக்கிறது குறைவு, பல்லுக்கும் தாங்கும், சீலாவுக்கு நான் இப்ப அதைத்தான் கட்டுறது. சுருண்டு சிக்காம இருக்க மிச்சம் நீளமா வைக்காதேங்கோ.

ஆட்டு மயிர் பாவிக்கலாமோ?

தாராளமா. உள்ளுக்குக் காத்தில்லை, விரியாது, சுத்துற வேலைக்கு உதவாது, ஆனா வால் மயிருக்குப் பதிலா அருமையா வரும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஹஜ்ஜுப் பெருநாள் நேரம் தெரிஞ்ச நானாமாரிட்டச் சொல்லி வச்சா வெள்ளை ஆட்டுத் துண்டுத்தோல் கிடைக்கும், மற்ற நாளில இறைச்சிக்கடையில கேளுங்கோ. கொழுப்பையும் சதையையும் கத்தியால நல்லா வழிச்சு, தோல்பக்கம் உப்பை அள்ளித் தேய்ச்சு நிழலில வையுங்கோ, உப்பு ஈரமானா தட்டிட்டுப் புது உப்பு. வெயிலில போட்டா தோல் வெந்து மயிர் கொட்டும். காஞ்சாப் பிறகு மயிரை ஷாம்பு போட்டுக் கழுவுங்கோ, அந்த ஆட்டு வாசம் போனாத்தான் வீட்டுக்குள்ள எடுப்பினம்.

காட்டுக்கோழி இறகு யாராவது தந்தா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, அது தேசியப் பறவை. ஊர்ச்சேவல் கழுத்து இறகு அதுக்குக் குறைஞ்சதில்லை.

எங்கட ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் இதையெல்லாம் எப்பிடிப் பாதுகாக்கிறது?

புதுசா வாற எந்தத் தோலும் இறகும் நேரே பெட்டிக்குள்ள போகக்கூடாது. பைக்குள்ள போட்டு டீப் ஃப்ரீசரில ரெண்டு கிழமை, வெளியில எடுத்து ஒரு நாள் ரெண்டு நாள், திரும்ப உள்ளுக்கு. முட்டை தப்பிப் பொரிச்சாலும் ரெண்டாந்தரத்தில முடிஞ்சிடும். மீன் இறைச்சியோட வைக்காமத் தனி டப்பாவில வையுங்கோ, வீட்டில சண்டை வராது. பிறகு ஒவ்வொண்டும் தனித்தனி சிப் பையில, பெட்டிக்குள்ள பூச்சி உருண்டை, மருந்துப் போத்தலில வாற சிலிக்கா பைக்கட்டு. வாடையில மழை பிடிச்சா பூஞ்சணம் வரும், வெயில் எறிக்கிற நாளில ஒருக்காத் திறந்து பாருங்கோ.

கடலுக்குப் போட்டுவந்த ஃப்ளையை நல்ல தண்ணியில அலசி நிழலில காயவைக்காம பெட்டியில போட்டா ஒரு ஹூக் துருவில முழுப் பெட்டியும் போகும்.

எந்த மாசத்தில எறியிறது?

நவம்பரில இருந்து ஜனவரி மட்டும் வாடையும் மழையும், மகாவலி கொண்டுவாற கலங்கல் கொட்டியாரக்குடாவில பரவிக் கிடக்கும், அது வீட்டில இருந்து கட்டுற காலம். மார்ச் ஏப்ரலில கடல் படியத் தொடங்கும். மே தொடங்கி செப்டம்பர் வரை நிலாவெளி உப்புவெளிப் பக்கம் அலை குறைவு, ஆனா நடுவில கச்சான் காத்துப் பலமா வீசும், கரையில இருந்து எறிஞ்சா முதுகுப் பக்கத்தால வாறதால லைன் நல்லாப் போகும், எடுத்து வீசேக்க ஹூக் உங்கட காதில ஏறாமப் பாருங்கோ. விடிய முதலும் பொழுதுபடேக்கயும். நடு வெயிலில ஒண்டும் இல்லை, போய் சாப்பிட்டுப் படுங்கோ.

புறாமலைத் தீவுப் பக்கம் வேண்டாம், அது 2003இல இருந்து தேசியப் பூங்கா.

ஃப்ளை றொட் இல்லாமல் இதையெல்லாம் எறிய ஏலுமோ?

பாரமான கண் வச்ச க்ளவுசரை லேசான ஸ்பின்னிங் றொட்டிலயே எறியலாம், மெல்லிய பிறெய்ட் போட்டா. பாரமில்லாததுக்கு உள்ளுக்குத் தண்ணி நிரப்புற பிளாஸ்டிக் மிதப்பு ஒண்டைப் போட்டு அதுக்குப் பின்னால ஒரு பாகம் (ரெண்டு கையும் விரிச்ச நீளம்) தங்கூசியில ஃப்ளை. வள்ளத்தில போற ஆக்கள் கைநூலில பின்னால விட்டு மெதுவா இழுத்தாலே காணும். றொட் வாங்கிறதெண்டா குடாவுக்கு எட்டாம் நம்பர், அதுக்குக் குறைஞ்சதில பெரிய மான் மயிர்த்தலை காத்தைப் பிடிச்சுக்கொண்டு போகாது.

ஹூக் கையில ஏறினா?

கட்டத் தொடங்க முதலே ஹூக் முனைக்குக் கிட்ட பின்னுக்குப் பாத்திருக்கிற சின்ன முள்ளைக் குறட்டால நசிச்சு விடுங்கோ, அப்ப ஏறினாலும் வந்த வழியால வரும், மீனையும் லேசா விடலாம். முள்ளோட ஆழமா ஏறினா நீங்களா இழுத்துக் கிழிக்காம நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, ஏற்புத்தடுப்பு ஊசியும் போட வேணும். கண்ணுக்குக் கிட்ட எண்டா கையே வைக்காதேங்கோ. எறியேக்க கண்ணாடி கட்டாயம், கறுப்பிலதான் வேணுமெண்டில்லை, வாசிக்கிற கண்ணாடியும் காணும்.

கட்டினதை விக்கலாமோ?

விக்கலாம், நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஃப்ளை றொட்டோட வாற வெளிநாட்டு ஆக்கள் க்ளவுசர் வாங்குவினம். அதுக்கு முதல் ஒண்டைக் கட்டி, ஹூக்கைக் குறட்டால பிடிச்சுக்கொண்டு மயிரைப் பிடிச்சு இழுத்துப் பாருங்கோ. கையோட வந்தா இன்னும் விக்கிற கட்டத்துக்கு வரேல்ல.